வியாழக்கிழமை சிநேகம்

அட்டையில் ஐந்து கட்டங்கள் இருந்தன. உறவினர், அலுவலகம், அண்டை வீடு, சங்கம், நண்பர். இறந்தவருக்கு நீங்கள் யார் என்று ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். குராமோச்சி பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தார். 'கியர்பாக்ஸ் கேட்க வந்தவர்' என்று ஒரு கட்டம் இல்லை.

பின்னால் வரிசை நீண்டது. கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் மெல்லக் கனைத்தார். அந்தப் பதற்றத்தில் குராமோச்சி கடைசிக் கட்டத்தில் ஒரு கோட்டை இழுத்து, துக்கப் பணம் வைத்த உறையோடு சேர்த்து மேஜைமேல் நீட்டினார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், இறந்துபோன ஹோஷினாவின் தம்பி. அட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து ஆளைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"நண்பரா?"

"ஆமாங்க. ஒரு மாதிரி."

"எங்க அண்ணனுக்கா?"

"அப்படித்தான் வச்சுக்கணும்..."

தம்பி எழுந்து நின்றுவிட்டார். "அண்ணன் முப்பத்தஞ்சு வருஷம் வரி ஆபீஸ்ல சோதனை அதிகாரியா இருந்தவருங்க. காலையிலேருந்து எழுபது அட்டை வந்திருக்கு. நண்பர்னு டிக் அடிச்சு வந்தது இது ஒண்ணுதான்." சொல்லிவிட்டுக் குராமோச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒருத்தராவது வருவாங்களான்னு அண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. குராமோச்சி தலை குனிந்தார்.

ஹோஷினாவோடு அவர் வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு கார்தான். நோர்வால்ட் என்று, எங்கோ வடக்கு ஐரோப்பாவில் செய்த கார். அந்தக் கம்பெனி கடையைக் கட்டிப் பதினாறு வருடமாகிறது. உவோசு ஊரில் அந்த வண்டி இன்னும் இரண்டே இரண்டுதான் ஓடியது. ஒன்று குராமோச்சியுடையது, இன்னொன்று ஹோஷினாவுடையது. வியாழக்கிழமை காலையில் துறைமுகச் சந்திப்பில் இரண்டும் எதிரெதிரே வரும். இவர் லேசாக ஹார்ன் அடிப்பார், அவரும் அடிப்பார். பதினொரு வருடமாக அவ்வளவுதான் பழக்கம்.

ஹோஷினா மட்டும் புத்தாண்டுக்குப் புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்புவார். கலைந்துபோன கார்ச் சங்கத்தின் பட்டியலிலிருந்து முகவரியை எடுத்திருக்க வேண்டும். 'உடல்நலம் எப்படி? இன்னும் ஓட்டுகிறீர்களா?' என்று ஒவ்வொரு வருடமும் அதே இரண்டு வரி. குராமோச்சி ஒருமுறைகூடப் பதில் போட்டதில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது.

நேற்றுக் காலை பேப்பரில் மரண அறிவிப்பைப் பார்த்தபோது அப்படி எதுவும் தோன்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் மனசில் வந்து நின்றது கியர்பாக்ஸ். உடனே மெக்கானிக் தாருமிக்குப் போன் போட்டார்.

"தாருமி, ஹோஷினா-சான் போயிட்டாரு."

"பாத்தேன். பாவம்."

"அவர் வண்டி கியர்பாக்ஸ் எப்படி?"

"கல்லு மாதிரி இருக்கும். அவருக்கு இன்ஜின்தான் போச்சு, ஒரே புகை. உங்களுக்கு இன்ஜின் தங்கம், கியர்பாக்ஸ் தகரம். அவருக்கு அப்படியே தலைகீழ்."

"அதை எனக்குப் போட முடியுமா?"

போனில் ஏதோ இரும்பு கீழே விழும் சத்தம் கேட்டது. "ரெண்டும் ஒரே வருஷத்து வண்டி. போடலாம்."

"அப்போ நாளைக்கு நாலு மணிக்கு இழுவை லாரியோட அவங்க வீட்டுக்கு வந்துடு."

சனிக்கிழமையோடு குராமோச்சியின் வண்டிக்குத் தகுதிச் சோதனைச் சான்றிதழ் முடிகிறது. அந்தக் கியர்பாக்ஸோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனைவி சிசுயோ, சின்ன இன்ஜின் வண்டிகளுக்கான மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட கார் ஒன்றுக்குக் கலர்கூடத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டாள். தெருவில் பதினாலு வீட்டு வாசலில் நிற்கும் அதே கார், அதே கலர்.

"எரியற வீட்டுல புடுங்கினது லாபம்னு கெளம்பிட்டீங்களா?" என்று காலையில் கறுப்பு டையைத் தேடிக் கொடுத்தபடியே கேட்டாள்.

"நான் துக்கம் விசாரிக்கப் போறேன்."

"ஸ்பேனர் எதுக்குப் பையில?"

அவளுக்குப் புரியாது. குராமோச்சி முப்பத்தெட்டு வருடம் மீன் அப்பத் தொழிற்சாலையில் எடை சரிபார்த்தவர். படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று எல்லாம் ஊர் போன வழியிலேயே போன வாழ்க்கை. நாற்பத்தைந்தாவது வயதில், ஒரு வருட போனஸைக் கொண்டுபோய், யாரும் கேள்விப்படாத ஒரு காரை வாங்கினார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே கிறுக்குத்தனம் அது. அதுவும் போய்விட்டால் தான் வாழ்ந்ததற்கு அடையாளமே இல்லை என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

உறையில் வைக்கப் பழைய நோட்டு கிடைக்கவில்லை. புது நோட்டு வைத்தால், இந்தச் சாவுக்காக முன்கூட்டியே தயாராக இருந்ததாக அர்த்தம். அதனால் ஏ.டி.எம். வாசலில் நின்று நோட்டைக் கசக்கிக் கசக்கிப் பழசாக்கினார். அப்படியும் அது ஒரே இரவில் தயாரான நோட்டு என்று அவருக்கே தெரிந்தது.

பஸ்ஸில் வந்திருக்கலாம். காரை எடுத்துக்கொண்டு வந்தார். கோவில் மேட்டுக்கு ஏறும் சந்தில், ஒரு கார் மட்டுமே போகக்கூடிய அகலத்தில், கியர்பாக்ஸ் கடகடவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்தது. முதல் கியர் இல்லை, இரண்டாவது இல்லை, ஒன்றும் இல்லை. ரிவர்ஸ் மட்டும் விழுந்தது. பத்து நிமிட வேலைதானே, கும்பிட்டுவிட்டு விதவையிடம் காதோடு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார்.

இப்போது ஹோஷினாவின் தம்பி அவரைக் கையைப் பிடித்து முன்வரிசைக்கே இழுத்துக்கொண்டு போனார்.

"இல்லைங்க, நான் பின்னாடியே ஒரு ஓரமா..."

"அண்ணனோட ஒரே சிநேகிதர் ஓரத்துல உக்காந்தா ஊர் என்ன சொல்லும்? நீங்க நாலு வார்த்தை பேசவும் வேணும்."

"நாலு வார்த்தையா?"

"அலுவலகத்துலேருந்து பேசறேன்னவருக்குப் போன வாரம்தான் அண்ணன் பழைய கணக்கு ஒண்ணைக் கிளறி நோட்டீஸ் வாங்கிக் குடுத்தாராம். அவர் வரலை."

பிக்கு ஓதி முடித்தார். குராமோச்சியின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். படத்தில் ஹோஷினா உதட்டை இறுக்கிக்கொண்டு, இவருடைய ரசீதுகளைக் கேட்பதுபோல் பார்த்தார். குராமோச்சிக்குப் பொய் சொல்ல வராது. உண்மையை மட்டும் சொல்லித் தப்பிக்கலாம் என்று முடிவு செய்தார்.

"ஹோஷினா-சானும் நானும் பதினோரு வருஷமா வியாழக்கிழமை தவறாம சந்திச்சுக்கிட்டோம்." இது உண்மை. "இந்தப் பதினோரு வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு வார்த்தை தப்பா வந்ததில்லை." இதுவும் உண்மை. "எதிர்ல வந்தா அவர்தான் எனக்கு வழி விடுவாரு. எவ்வளவு குறுகலான எடமா இருந்தாலும் என் வண்டிமேல ஒரு கீறல் விழ விட்டதில்லை."

பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். குராமோச்சிக்கு மேற்கொண்டு ஒன்றும் தெரியாது. அதனால் அங்கேயே நிறுத்தி, தலை குனிந்து வெகுநேரம் நின்றார். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சவப்பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் தூக்க அவரையே கூப்பிட்டார்கள். தூக்கினார். வண்டியில் ஏற்றியாயிற்று. ஹோஷினாவின் மனைவி தோமோயே, கணவரின் பெயர் எழுதிய நினைவுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். இனிமேல் பக்கத்தில் போய்க் காதோடு பேசவும் வழியில்லை. சவ வண்டி நீளமாக ஒரு ஹார்ன் அடித்தது. எல்லோரும் கைகூப்பினார்கள். வண்டி வாசலைத் தாண்டியது, சந்தில் திரும்பியது, நின்றது.

டிரைவர் இறங்கி வந்தார். வெள்ளைக் கையுறை போட்ட விரலால் கடிகாரத்தைத் தட்டினார்.

"அந்த வெளிநாட்டு வண்டி யாரோடது? மயானத்துல நமக்கு ஒரு மணிக்கு முறை. அஞ்சு நிமிஷம் லேட்டானா அடுத்தவங்களை உள்ள விட்டுடுவாங்க. அப்புறம் நாளன்னிக்குத்தான்!"

"என்னுதுதான்" என்றார் குராமோச்சி.

"சீக்கிரம் எடுங்க. மேல ஏத்தி கோவில் வாசல்ல விட்டுடுங்க."

"முன்னாடி போகாதுங்க."

"என்னது?"

"பின்னாடி மட்டும்தான் போகும்."

டிரைவர் இருபத்தாறு வருடமாகச் சவ வண்டி ஓட்டுகிறவர். அவர் வாயைத் திறந்தார், வாசலில் இத்தனை பேர் கைகூப்பி நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டார்.

வேறு வழியில்லை. குராமோச்சி ஏறி உட்கார்ந்து, ரிவர்ஸ் போட்டு, நானூறு மீட்டர் சந்தில் பின்பக்கமாகவே இறங்க ஆரம்பித்தார். முகத்துக்கு முகம் நேராகச் சவ வண்டி பின்தொடர்ந்தது. அதன் முன்சீட்டிலிருந்து தோமோயே அவரைப் பார்த்துத் தலை வணங்கினாள். பதிலுக்கு இவரும் வணங்கினார். வணங்கிய நேரத்தில் பின்சக்கரம் சாக்கடைப் பக்கம் போனது. திருப்பினார். அவள் மறுபடி வணங்கினாள். மரியாதை தெரிந்த மனுஷன் சும்மா இருக்க முடியுமா? இவரும் வணங்கினார். இந்த முறை மதில் சுவரில் கண்ணாடி உரசி ஒடிந்து விழுந்தது.

வழியில் நின்றவர்கள், ஊர்வலத்தின் முதல் வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துத் திகைத்தாலும், ஏதோ புதுச் சம்பிரதாயம் என்று கும்பிட்டார்கள்.

"கடைசி வரைக்கும் முகத்தைப் பாத்துக்கிட்டே வழியனுப்புறாரு பாரு!" என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சந்து முடிந்த இடத்தில் ஒரு காய்கறிக் கடையின் காலி மனை. அதில் வண்டியைத் தள்ளிய மாத்திரத்தில் ரிவர்ஸும் போய்விட்டது. அப்பாடா, இனி பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று குராமோச்சி இறங்கினார். உறவினர் வேன் பக்கத்தில் வந்து நின்றது. தம்பி கதவைத் திறந்தார்.

"ஏறுங்க. எலும்பு எடுக்க நீங்க இல்லாமலா?"

மயானத்தின் காத்திருப்பு அறையில் ஒன்றரை மணி நேரம் இருக்க வேண்டியிருந்தது. டீ கொடுத்தார்கள். தோமோயே அவருக்கு எதிரில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். சின்ன உருவம், அழுது முடித்த கண்கள். இதுதான் சமயம், கேட்டுவிடலாம் என்று குராமோச்சி தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வந்து, ஹோஷினா-சானோட வண்டி விஷயமா..."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் அவள். "வியாழக்கிழமை அவருக்கு எந்த வேலையும் கெடையாதுங்க. உங்களைப் பாக்கணும்னே வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புவாரு."

குராமோச்சி கோப்பையைக் கீழே வைத்தார்.

"திரும்பி வந்ததும் நான் கேப்பேன், பாத்தீங்களான்னு. 'பாத்தேன். நல்லா திடமாத்தான் இருக்காரு'ம்பாரு. சொல்லிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம உக்காந்திருப்பாரு. யாரைப் பத்தியும் அவர் அப்படி யோசிச்சு நான் பாத்ததில்லை."

"அப்படிங்களா..."

"மழை பெய்ஞ்சா போதும், ஜன்னல்கிட்ட போய் நின்னுடுவாரு. 'இந்த மழையில வண்டிய எடுத்துட்டாரோ, எங்கயாவது கொண்டுபோய் மோதிடப் போறாரோ'ன்னு ஒரே புலம்பல். போன பிப்ரவரியில நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்களே..."

"பித்தப்பைக் கல்லு. அது வீட்டையும் தொழிற்சாலையையும் தவிர யாருக்கும் தெரியாதே!"

"இவருக்குத் தெரியும். மூணு நாள் ஆஸ்பத்திரி வரவேற்பு வரைக்கும் போய் விசாரிச்சுட்டு வந்தாரு. மேல வந்து பாக்கக் கூச்சம் போல. நீங்க பொழச்சு வீட்டுக்குப் போயிட்டீங்கன்னு சொன்ன அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை. மனசு நெறைஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

குராமோச்சியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த மூன்று நாளும் சிசுயோகூட ஒரு வேளைதான் வந்தாள். தொழிற்சாலையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மனிதர் கீழே வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார். அவர் செத்த செய்தியைப் படித்துவிட்டு, இவர் ஸ்பேனரை எடுத்துப் பையில் வைத்திருக்கிறார். இதைவிடக் கேவலமான பிறவி இந்த ஊரில் இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. கண்ணீர் டீயில் விழுந்தது.

எலும்பு எடுக்கும்போது அவரையும் தோமோயேவையும் ஜோடியாக நிறுத்தினார்கள். ஒரே எலும்பை இருவரும் ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் பிடித்துக் கலசத்தில் வைக்க வேண்டும். குராமோச்சியின் குச்சி ஒருமுறை நழுவியது.

"மன்னிச்சுடுங்க" என்றார்.

"பரவாயில்லைங்க. அவர் புரிஞ்சுக்குவாரு" என்றாள் தோமோயே.

அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கலசத்திடம் கேட்டார்.

ஹோஷினாவின் வீட்டுக்குத் திரும்பும்போது நாலு மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது. சாவுத் தீட்டு கழிய வாசலில் தோள்மேல் உப்பைத் தூவிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார்கள். தெரு முனையில் ஹோஷினா வாடகைக்கு எடுத்திருந்த கார் நிறுத்துமிடத்தில் பழைய இரும்பு எடுக்கும் லாரி ஒன்று நின்றது. ஹோஷினாவின் நோர்வால்ட், பச்சை நிறத்தில், தூசி தட்டித் துடைத்து, அதன் பின்னால் காத்திருந்தது.

"எடத்துக்கு ஒப்பந்தம் இன்னியோட முடியுது" என்றாள் தோமோயே. "அதான் இவங்களைக் கூப்பிட்டேன். ஆனா குராமோச்சி-சான், உங்களுக்கு வேணும்னா நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. காசு பணம் எதுவும் வேணாம். உங்ககிட்ட இருந்தா அவருக்கும் நிம்மதி."

லாரிக்காரர் குராமோச்சியைப் பார்த்தார். "சொல்லுங்க சார். ஏத்தவா, வேணாமா? ஆறு மணிக்கு நசுக்குற மிஷினை நிறுத்திடுவாங்க."

ஒரே ஒரு வார்த்தை போதும். 'சரி' என்றால் சனிக்கிழமை சோதனையில் தேறிவிடலாம். அந்தப் பச்சை வண்டியின் வயிற்றுக்குள், கல்லு மாதிரி, அவருக்குத் தேவையான ஒன்றே ஒன்று இருந்தது. குராமோச்சி அதன் பானெட்மேல் கை வைத்தார். தன் கிறுக்குத்தனத்தை இந்த உலகத்தில் இன்னொரு மனிதர் தெரிந்துகொண்டு, வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய வண்டியைக் கூறு போட்டுத் தன் வண்டிக்குள் வைத்து ஓட்டினால், அதற்குப் பெயர் என்ன?

"வேணாம்மா" என்றார். பானெட்டிலிருந்து கையை எடுத்தார். "அவரோடயே போகட்டும். நான் எடுத்துக்கறது நியாயமில்லை."

"உங்க வண்டி?"

"அதுக்கும் இன்னியோட வேளை வந்துடுச்சு. இவரே அதையும் ஏத்திக்கட்டும். காய்கறிக் கடை மனையில நிக்குது."

தோமோயே முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள். லாரி பச்சைக் காரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு, கோவில் சந்து முனையில் நின்ற குராமோச்சியின் காரையும் ஏற்றிக்கொள்ளப் புறப்பட்டது. அவர் தெருவில் நின்று அது மறையும் வரை கைகூப்பினார். வருத்தம் இருந்தாலும், பல வருடங்களில் முதல்முறையாகத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அரை மணி தாமதமாக, நாலரைக்கு, தாருமி இழுவை லாரியோடு வந்து இறங்கினார். காலி இடத்தைப் பார்த்தார்.

"எங்க வண்டி?"

"அனுப்பிட்டேன்."

"கியர்பாக்ஸ்?"

"அதோடதான். என்னுதையும் சேத்து."

"உங்களுதுமா? அந்தத் தங்கமான இன்ஜினையா?" தாருமி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்? அந்தம்மா தர மாட்டேன்னுட்டாங்களா?"

"சும்மாவே தரேன்னாங்க. எனக்குத்தான் மனசு வரலை. தாருமி, உனக்குத் தெரியாது. அந்த மனுஷன் என்மேல எவ்வளவு அக்கறையா இருந்திருக்காரு! எனக்கே தெரியாம எனக்கு ஒரு சிநேகிதர் இருந்திருக்காருப்பா."

தாருமி கழுத்துத் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"சிநேகிதரா? மூணு வருஷமா மாசம் தவறாம எனக்குப் போன் போட்டு, 'குராமோச்சி-சான் இன்னும் இருக்காரா? போனா அந்த இன்ஜின் எனக்குத்தான், வேற யாருக்கும் குடுத்துடாதே'ன்னு கேட்டுக்கிட்டிருந்தாரே, அவரையா சொல்றீங்க?"